கொரியப் பாட்டும் காணிப்பாக்கமும்

எங்கள் ஊர் காணிப்பாக்கம். சித்தூருக்கு அடுத்து, பாகுதா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். கிணற்றுள் எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகரால் அதற்கு நாடெங்கும் பெயர். அப்பிள்ளையார் ஆண்டுக்காண்டு வளர்ந்து வருகிறார் என்பது ஊரார் நம்பிக்கை. அவர் முன்னிலையில் பொய்ச்சத்தியம் செய்ய எவரும் துணியார். ஆகவே, அவ்வூரான் ஒருவன் எழுதும் கட்டுரையில் பொய் இராது என்று மன்றத்து நண்பர்கள் நம்பலாம்!

எங்கள் வீட்டு மொழி தமிழ். வீதியின் மொழி தெலுங்கு. 1911 வரை எங்கள் பகுதி வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. பின்னர் ஆந்திரத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே ஒழிய, அடுப்பங்கரையில் பேசும் மொழி மாறவில்லை. ஆனால் எழுத்து மாறிவிட்டது. எங்கள் ஆயா தமிழ் படிப்பார். அப்பாவுக்குத் தமிழ் எழுத்துகள் பாதி தெரியும். கடிதம் எழுதுவதென்றால் தெலுங்குதான். நான் தமிழ் கற்றது மேற்படிப்புக்கு வந்த பிறகே. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கைக்கோ தெலுங்கு தெரியும், ஆங்கிலம் தெரியும்; தமிழ் எழுத்தில் ஒன்றும் தெரியாது.

அந்தத் தங்கை ஒரு நாள் கொரிய மொழியில் பாடிக்கொண்டிருந்தாள்!

அதைக் கேட்டு நான் சிரித்தேன். "சொந்த மொழியில் கையெழுத்துப் போடத் தெரியாது, கடல் கடந்த பாட்டு வேண்டியிருக்கிறதோ?" என்று ஏளனமும் செய்தேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. அச்சிரிப்பு எவ்வளவு பேதைமையானது என்பதைப் பின்னர் அறிந்தேன். அதை அறிந்த வரலாறே இக்கட்டுரை.

காட்பாடியில் நின்ற மூன்று சிறுமியர்

2024 ஜனவரியில் நிகழ்ந்த செய்தி ஒன்றைப் பலரும் படித்திருப்பீர்கள். கரூர்ப் பகுதியைச் சேர்ந்த, 13 வயதே ஆன பள்ளிச் சிறுமியர் மூவர், 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டனர். விசாகப்பட்டினம் சென்று, கப்பலேறி, கொரியா போய், பி.டி.எஸ். என்னும் பாட்டுக் குழுவினரைக் காண்பது அவர்கள் திட்டம்! சென்னை வரை சென்றதும் மனம் தளர்ந்து, ஊர் திரும்பும் வழியில் காட்பாடி நிலையத்தில் போலீசாரால் மீட்கப்பட்டனர்.

காட்பாடி எங்களுக்கு அயலூர் அன்று. சென்னைக்கோ சேலத்துக்கோ போக வேண்டுமானால் நாங்கள் இரயிலேறும் சந்திப்பு அது. எனவே செய்தி மறுநாளே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. அப்பா தங்கையின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். சுவரில் ஒட்டியிருந்த படங்கள் கிழிக்கப்பட்டன. "செய்தது சரியே" என்று நானும் தலையாட்டினேன். அவள் அழவில்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள்.

விடுதிக்குத் திரும்பிய பின் என் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. மொழி புரியாத ஒரு பாட்டு, 13 வயதுச் சிறுமியைக் கப்பலேறத் தூண்டுமானால், அப்பாட்டில் இருப்பதுதான் என்ன? குறை கண்டுபிடிக்கும் நோக்குடனேயே தேடத் தொடங்கினேன். கண்டது வேறு.

பாட்டின் பிறப்பு

கொரியா நெடுநாள் துன்புற்ற நாடு. 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அதன் பிற்பகுதியில் பள்ளிகளில் கொரிய மொழிக்கே இடமில்லாது போயிற்று. மக்கள் தம் பெயர்களையும் ஜப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ள வற்புறுத்தப்பட்டனர். விடுதலையோடு நாடு இரண்டாயிற்று. 1950 முதல் 1953 வரை கொடும் போர்.

போருக்குப் பின் தென்கொரியாவில் அமெரிக்கப் படைகள் தங்கின. அப்படைவீரரின் கேளிக்கை மன்றங்களில் பாடிப் பிழைத்தவர்களே புதிய கொரிய இசைக்கு வித்திட்டவர்கள். அவர்களுள் 'கிம் சகோதரிகள்' எனப்பட்ட மூன்று பெண்கள், 1959இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்கே சென்று பாடிப் புகழ் பெற்றனர். கொரியப் பாட்டு கடல் கடந்தது நேற்றோ இன்றோ அன்று என்பது இதனால் விளங்கும்.

பின்னர் இராணுவ ஆட்சி வந்தது. 1975இல் பாட்டுகள் பல தடை செய்யப்பட்டன. 1987க்குப் பின் மக்களாட்சி மலர, கெடுபிடி தளர்ந்தது. 1992இல் 'சோ தைஜியும் பையன்களும்' என்ற மூவர் குழு தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தோன்றி, அமெரிக்கக் கறுப்பர் இசையின் தாளத்தில் கொரியச் சொற்களை அடுக்கிப் பாடிற்று. நடுவர்கள் அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண் அளித்தனர். நாட்டு இளைஞரோ அதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினர்! நடுவரின் தீர்ப்பும் மக்களின் தீர்ப்பும் ஒன்றாயிருப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1994இல் கொரியக் குடியரசுத் தலைவருக்கு ஓர் அறிக்கை அளிக்கப்பட்டது. 'ஜூராசிக் பார்க்' என்ற ஒரே அமெரிக்கப் படத்தின் வருவாய், 15 இலட்சம் ஹுண்டாய்க் கார்களை ஏற்றுமதி செய்து பெறும் வருவாய்க்கு ஒப்பாகும் என்று அது கூறிற்று. கலையும் ஒரு தொழில் என்ற எண்ணம் ஆள்வோர் உள்ளத்தில் ஊன்றியது அப்பொழுதே. 1997இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்து தொழிற்சாலைகள் தள்ளாடியபோது, அவ்வெண்ணம் உறுதிப்பட்டது. அரசு, பண்பாட்டுத் தொழில்களுக்குக் கைகொடுத்தது. நாடெங்கும் விரைவான இணைய வசதி அமைத்தது.

பயிற்சிப் பட்டறை

1995இல் லீ சூ-மான் என்பவர் எஸ்.எம். என்ற நிறுவனத்தை அமைத்தார். அடுத்து ஒய்.ஜி., ஜே.ஒய்.பி. என்னும் நிறுவனங்களும் தோன்றின. இவற்றின் முறை வியப்பானது. பாடும் திறனும் ஆடும் திறனும் உள்ள சிறுவர் சிறுமியரைத் தேர்வு செய்து, ஒரே விடுதியில் தங்கவைத்து, பல ஆண்டுகள் பாட்டு, ஆட்டம், அயல்மொழி, மேடை ஒழுக்கம் அனைத்தும் கற்பிப்பது. தேறியவர்களைக் குழுவாக்கி அரங்கேற்றுவது. குழுவில் ஒருவர் தலைவர், ஒருவர் முதற்பாடகர், ஒருவர் ஆட்டத்தில் வல்லவர், வயதில் இளையவருக்கு 'மங்னே' என்று தனிப் பெயர், தனிச் செல்லம்.

தமிழராகிய நமக்கு இது புதுமை அன்று. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபை அமைத்தார். அக்காலத்துப் 'பாய்ஸ் கம்பெனி'களில் சிறுவர் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, விடியுமுன் எழுந்து பாடம் கேட்டனர். எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா, சிவாஜி கணேசன் ஆகியோர் அப்படி வளர்ந்தவர்களே. அவர்கள் ஆடலும் பாடலும் பேச்சும் ஒருங்கே கைவரப்பெற்றது எப்படி என்று வியப்பவர், கொரியாவின் பயிற்சிக்கூடத்தைப் பார்த்தால் விடை காண்பர்.

கொரியர் தம் இளம் பாடகரை 'ஐடல்' என்றே அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்கு விக்கிரகம் என்று பொருள். எங்கள் ஊர் விக்கிரகம் தானே வளர்கிறது. கொரிய விக்கிரகமோ வளர்க்கப்படுவது. வளர்ப்பில் கொடுமையும் உண்டு. 13 ஆண்டு ஒப்பந்தத்தால் கட்டுண்ட பாடகர் மூவர் 2009இல் நீதிமன்றம் ஏறினர். அவ்வாண்டே கொரிய நேர்வணிக ஆணையம், ஒப்பந்தம் 7 ஆண்டுக்கு மேற்படலாகாது என்று மாதிரி விதி வகுத்தது. ஆயினும் உறக்கமின்மை, உணவுக் கட்டுப்பாடு, இரசிகரின் ஓயாத கண்காணிப்பு ஆகியவை ஒழிந்தபாடில்லை. 2017இலும் 2019இலும், புகழின் உச்சியில் இருந்த இளங்கலைஞர் சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். மேடையில் கண்ட ஒளியின் பின்னே இந்த இருளும் இருப்பதை, கப்பலேற எண்ணும் சிறுமியர்க்கு யாரேனும் அன்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். படத்தைக் கிழிப்பது எடுத்துச் சொல்வது ஆகாது.

உள்நாட்டில்

கொரியர் அனைவரும் இப்பாட்டிலேயே மூழ்கியுள்ளனர் என்று எண்ணுவது தவறு. 'டிராட்' என்னும் பழைய மெட்டு ஒன்று அங்கு உண்டு. குரலை நெளித்து, பிரிவையும் ஊர் நினைவையும் பாடுவது. முதியோர்க்கு அதுவே உயிர். 2020இல் டிராட் பாடகர்களுக்கென நடந்த தொலைக்காட்சிப் போட்டியை நாடே கண்டு களித்தது. எங்கள் பக்கத்துத் துரோபதை அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குக் கிழவர்கள் பாயும் போர்வையுமாகப் போய் விடிய விடிய அமர்வதில்லையா? அதுபோல என்க.

இளைஞரின் பாட்டுக்கு வாரந்தோறும் தொலைக்காட்சியில் பரிசுப் போட்டி நடக்கும். இரசிகர் வாக்களிப்பர். ஒவ்வொரு குழுவின் இரசிகர்க்கும் ஒரு பெயர். கையில் ஏந்தும் விளக்குக்கும் ஒரு வடிவம். பி.டி.எஸ். இரசிகரின் பெயர் 'ஆர்மி', அதாவது படை! இசைத்தட்டுப் பேழைக்குள் பாடகரின் சிறு படம் ஒன்று இருக்கும். யார் படம் என்பது பிரித்த பின்பே தெரியும். விரும்பிய படம் கிட்டும்வரை ஒருவரே பத்துப் பேழை வாங்குவதும் உண்டு. வணிகர் தந்திரம் கடல் கடந்தாலும் ஒன்றுதான்!

மற்றொன்றும் நோக்கத்தக்கது. உலகப் புகழ் பெற்றவராயினும் கொரிய ஆடவர் இராணுவப் பணி ஆற்றியே தீர வேண்டும். பி.டி.எஸ். குழுவினர் எழுவரும் 2022 இறுதி முதல் ஒருவர்பின் ஒருவராகப் பணிக்குச் சென்று, 2025 ஜூனில் முடித்துத் திரும்பினர்.

வெளிநாட்டில்

தென்கொரியா சிறிய நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 5 கோடி. தமிழ்நாட்டினும் குறைவு. திருட்டுப் பதிவுகளால் உள்நாட்டு இசைத்தட்டு விற்பனை வீழ்ந்தபோது, வெளியே போவதன்றி வேறு வழி இல்லை. முதலில் அண்டை நாடுகளை நாடினர். 1999 அளவில் சீனச் செய்தித்தாள்களே இதற்குக் 'கொரிய அலை' என்று பெயரிட்டன. 2002இல் போவா என்ற இளம்பெண் ஜப்பானிய மொழியிலேயே பாடி, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தம் நாட்டை ஆண்டவர்களின் மொழியைக் கற்று, அவர்கள் சந்தையையே வென்ற துணிவை என்னென்பது!

2012இல் சை என்பவரின் 'கங்னம் ஸ்டைல்' வெளிவந்தது. சியோல் நகரின் செல்வர் பகுதியை எள்ளி நகையாடும் பாட்டு அது. யூடியூபில் 100 கோடி முறை பார்க்கப்பட்ட முதற்படம் என்ற பெருமையை அவ்வாண்டு டிசம்பரில் பெற்றது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் ஊர்வலத்திலும் அக்குதிரை ஆட்டம் ஆடினார்கள், நானும் ஆடினேன்!

பி.டி.எஸ். 2013இல் அரங்கேறியது, பெரிய நிறுவனத்தின் பிள்ளை அன்று, சிறு நிறுவனத்தின் பிள்ளை. பெரிய தொலைக்காட்சிகள் இடம் தராத நாளில், பயிலும் அறையில் படமெடுத்துத் தாமே இணையத்தில் இட்டனர். பள்ளிச் சுமை, பெற்றோர் எதிர்பார்ப்பு, தோல்வி அச்சம் ஆகியவற்றைப் பாடினர். 2018இல் அமெரிக்கப் பில்போர்டு இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம். அதே ஆண்டு ஐக்கிய நாட்டு அவையில், இளைஞர் தம்மைத் தாமே நேசிக்க வேண்டும் என்று பேசினர். 2020இல் அவர்கள் ஆங்கிலத்தில் பாடிய 'டைனமைட்' தனிப்பாட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. "ஆங்கிலத்தில் பாடியதால்தானே!" என்றனர் சிலர். அவ்வாண்டு இறுதியிலேயே, பெரும்பகுதி கொரிய மொழியிலமைந்த 'லைஃப் கோஸ் ஆன்' அதே இடத்தைப் பெற்று அவர்கள் வாயை அடைத்தது.

மொழி தெரியாதார்க்கு இது எப்படி இனிக்கிறது? ஒரே பாட்டில் மெல்லிசை, வேகப் பேச்சு, ஆட்டத் தாளம் எல்லாம் மாறி மாறி வரும். நாவில் ஒட்டும் ஓரிரு சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மெட்டமைப்போர் பலர் ஸ்வீடன் முதலிய நாட்டினர். கண்ணுக்கு ஆட்டம், காதுக்குத் தாளம், மனத்துக்கு நட்பு. மொழிபெயர்க்கும் வேலையை இரசிகரே ஊதியமின்றிச் செய்துவிடுகின்றனர்.

நம் நாட்டில்

இந்தியாவில் இவ்வலை முதலில் தொட்டது வடகிழக்கை. 2000இல் மணிப்பூரில் போராளிக் குழு ஒன்று இந்திப் படங்களைத் தடை செய்தது. வெற்றிடத்தில் கொரியத் தொலைக்காட்சி நுழைந்தது. தமிழகத்திலோ தடை எதுவும் வேண்டியிருக்கவில்லை. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேசவைத்தது. குடும்பம், மூத்தோர் சொல், நாணம், கண்ணீர் எல்லாம் நம் வீட்டுக் கதைபோலவே இருந்தன. 2006 முதல் சென்னையில் இன்கோ மையம் கொரிய மொழி கற்பிக்கிறது. 2022இல் ஒடிசாவின் ரூர்கேலாவைச் சேர்ந்த ஸ்ரேயா லெங்கா, 'பிளாக்ஸ்வான்' என்னும் கொரியக் குழுவில் பாடகியானார்.

பிழைப்பும் இதில் கலந்துள்ளது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹுண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2019இல் ஆந்திரத்துப் பெனுகொண்டாவில் கியா ஆலை. 2025இல் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் எல்.ஜி. ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கொரிய மொழி கற்ற தங்கை ஒருத்தி நாளை அங்கே மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தால், சிரித்த அண்ணன் என்ன சொல்வான்?

எழுத்தின் கதை

இனி என் தங்கையிடம் வருகிறேன். விநாயக சதுர்த்தியில் தொடங்கும் 21 நாள் பிரம்மோற்சவத்துக்கு ஊர் சென்றிருந்தேன். பரணில் எதையோ தேடுகையில் அவளுடைய குறிப்பேடு கிடைத்தது. ஏடு முழுவதும் வட்டமும் கோடும் கட்டமுமாகக் கொரிய எழுத்து!

"எத்தனை நாளில் கற்றாய்?" என்றேன்.

"நாலு நாள், அண்ணா. தெலுங்குல எழுதினா அப்பா படிச்சிடுவாரு. இங்கிலீஷ்ல எழுதினா நீ படிச்சிடுவே. அதான்."

நான்கு நாளில் கற்கக்கூடியதா? ஆம். 1443இல் சேஜோங் மன்னர் எளிய மக்களும் கற்கவேண்டுமென்றே வகுத்து, 1446இல் வெளியிட்ட எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24. நாவும் இதழும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்தே மெய்களுக்கு வடிவம் அமைத்தனர். ஒலிகள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் ஆராய்ந்தார் அல்லவா? அவ்வாராய்ச்சியையே எழுத்தின் உருவமாக வரைந்தாற்போன்றது இது. மெய்யும் உயிரும் கூடி ஒரு கட்டத்துள் நிற்பது நம் உயிர்மெய்யை நினைவூட்டும்.

ஏட்டின் ஒரு பக்கத்தில் அவள் சொற்களை இணை சேர்த்திருந்தாள். அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நல், புல்லுக்குப் புல். 1905இலேயே ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியறிஞர் அவ்வுறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருக்கும்; பிற தற்செயல் என்பர். உண்மை அதுவே. நம் பெருமைக்காக அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒப்புமையைக் கண்ட அந்தச் சிறுமியின் மகிழ்ச்சி பொய்யன்று.

கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். அவை கொரியப் பாட்டு அல்ல. கொரிய எழுத்தில் தமிழ்! ஆயா தம் தந்தையிடம் கேட்ட ஏற்றப் பாட்டுகளை, எண்பது வயதில் நினைவு மங்குமுன், இவள் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள். வரிக்கு வரி சில இடங்கள் வெற்றிடமாக விடப்பட்டிருந்தன.

"இது ஏன் காலி?"

"மழைன்னு ஆயா சொல்றாங்களே, அந்தச் சத்தம் கொரிய எழுத்துல இல்லை. தெலுங்குலயும் இல்லை. எப்படி எழுதறது, அண்ணா?"

என் தொண்டை அடைத்துக்கொண்டது. கொரியத்தில் ர, ல இரண்டுக்கும் ஓரெழுத்தே, ழகரம் இல்லை. இன்றைய தெலுங்கிலும் இல்லை. அந்த வெற்றிடம் ஒவ்வொன்றும் ஒரு ழகரம். நான் எழுதுகோலை எடுத்து, 'ழ' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "கொரிய எழுத்து மாதிரியே அழகா இருக்கு" என்றாள்! தமிழுக்கு இதனினும் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

அன்றிரவே அப்பாவிடம் பேசினேன். பெட்டி திறந்தது. ஓர் உடன்பாடு: மாலையில் ஒரு மணி நேரம் அவள் பாட்டு, அதன்பின் அரை மணி நேரம் தமிழ் எழுத்து. கற்பிப்பவர் ஆயா. உற்சவம் முடிந்து நான் புறப்படும் நாளில் வெற்றிடங்கள் பாதி நிரம்பியிருந்தன. பாதி எழுத்து மட்டும் தெரிந்த அப்பாவும், ஏதோ வேலையாக வந்தவர்போல, அருகே வந்து அமர்ந்துகொண்டார்.

நண்பர்களே! கொரியர் எவரையும் வற்புறுத்தித் தம் மொழியைக் கற்பிக்கவில்லை. பாட்டை இனிதாக்கினர், மொழி பின்னே சென்றது. 1998இல் 'முத்து' ஜப்பானில் ஓடியதும், 2011இல் 'கொலவெறி' உலகைச் சுற்றியதும் நம்மாலும் இயலும் என்பதைக் காட்டின. ஆனால் அவை தனித்தனி வெற்றிகள். கொரியருடையதோ இடைவிடாப் பயிற்சியின் பயன். அயலார் நம் மொழியை நாட வேண்டுமென்று விரும்புவது நன்று. அதற்குமுன், நம் வீட்டிலேயே தமிழ் எழுத்தறியாத தம்பி தங்கையர் எத்தனை பேர் என்று இவ்விடுமுறையில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பாட்டைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அருகே அமர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்பது அப்பொழுதுதான் தெரியும்.